பதின்மூன்றாவது குழாய்

ஊரில் எல்லோரும் அவரைக் குழாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கூப்பிடுவதால் அந்தப் பெயரில் பதற்றமும் பாசமும் சரிபாதியாகக் கலந்திருக்கும். ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவான உயரம், தோளில் ஆளை ஒரு பக்கமாகச் சாய்க்கும் கருவிப்பை, வாயில் எப்போதும் ஒரு ரப்பர் வாஷர். பேசும்போது அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார், பேசி முடித்ததும் மறுபடி பல்லுக்கிடையில் கொண்டுவருவார்.

கணவர் இறந்தபோது மகளுக்கு ஐந்து வயது. அவர் விட்டுப்போனது அந்தக் கருவிப்பையும், பாதியில் நின்ற மூன்று குளியலறை வேலைகளும்தான். மூன்றாவது வீட்டுக்காரர் வந்து, "வேலைக்கு ஆள் எப்பம்மா வருவாங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இவர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "இதோ வந்தாச்சு" என்றார். எந்தப் பக்கம் திருகினால் தண்ணீர் நிற்கும் என்பதைத் தவிர அன்றைக்கு அவருக்கு இந்தத் தொழிலில் வேறெதுவும் தெரியாது. அதையும் முதல் நாள் தப்பாகத்தான் திருகினார்.

அணு உலையை எதிர்க்கிற கூட்டத்தில் அவர் சேர்ந்த கதையும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். ஊர் மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்த அன்று, அவர் கருத்துச் சொல்லப் போகவில்லை, மண்டபத்துக் கழிப்பறையில் ஓர் ஒழுகலைப் பார்க்கப் போயிருந்தார். வேலை முடிந்து ரெஞ்சைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தால் மேடையில் ஒரு பொறியாளர் பேசிக்கொண்டிருக்கிறார். உலைக்குள்ளே நூற்றிருபது கிலோமீட்டருக்குக் குழாய் ஓடுமாம். நாற்பது வருஷத்துக்கு ஒரு சொட்டுக்கூடக் கசியாதாம்.

குழாயம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை. ரெஞ்சு கையிலிருந்து விழ, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். தலைவர் மணியடித்தார். பொறியாளர் ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டு மறுபடி "ஒரு சொட்டுக்கூட" என்று ஆரம்பித்தார், அவ்வளவுதான், இவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வெளியே கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டு நின்ற எதிர்ப்புக் குழுக்காரர்கள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

"கசியாத குழாய்னு ஒண்ணு இந்த உலகத்துல கிடையாதுங்க" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "கசியறது தெரிஞ்ச குழாய், கசியறது இன்னும் தெரியாத குழாய், அவ்வளவுதான்." குழுக்காரர்கள் ஐந்து பக்கத்தில் அச்சடித்திருந்ததை இவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே சேர்த்துக்கொண்டார்கள்.

குழுவுக்கு மூன்றே விதி. கை ஓங்கக்கூடாது, ஓடக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது. முதல் இரண்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவதுக்குத்தான் அந்த வாஷர். வாய்வரைக்கும் வந்த வார்த்தையை ரப்பரோடு சேர்த்துக் கடித்துக்கொள்வார். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை வாஷர் கடிபட்டுச் செத்தன என்பது அவருடைய பல்லுக்குத்தான் தெரியும்.

அந்தப் பத்தொன்பது வருஷத்துக்குள் உலையைக் கட்டியும் முடித்துவிட்டார்கள், மகளும் வளர்ந்துவிட்டாள். மகள் வளர்ந்த நாட்களில் முக்கியமான சில நாட்கள் குழாயம்மா லாக்கப்பில் இருந்த நாட்களாக அமைந்துபோயின. பத்தாவது பிறந்தநாள் அன்று இல்லை. அம்மை போட்டபோது இரண்டு நாள் இல்லை. பள்ளி நாடகத்தில் மகளுக்கு மரம் வேஷம். மரம் அசையக்கூடாது என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியும், அந்த மரம் நாடகம் முழுக்க வாசல் பக்கமே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாம். இதைப் பிற்பாடு யாரோ சிரிப்புக்காகச் சொன்னார்கள். எதற்கும் சிரிக்கிற குழாயம்மா அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் இருவரும் ஒரே ஆள்தான். பள்ளி விட்டதும் மகள் நேரே அம்மா வேலை செய்யும் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருத்தி மொட்டை மாடித் தொட்டியருகே, இன்னொருத்தி கீழே சமையலறைத் தொட்டிக்கு அடியில். கத்தினால் கேட்காது. அதனால் குழாயில் ஸ்பேனரால் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் தண்ணீரைத் திற. இரண்டு என்றால் மூடு. மூன்று தட்டு என்றால் எல்லாம் சரி, ஒழுகல் இல்லை, இறங்கி வரலாம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி சுவரோரக் குழாயில் மூன்று தட்டுவாள். சண்டை அத்தோடு முடிந்தது.

மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை கப்பலில் எலெக்ட்ரீஷியன். திங்கட்கிழமை கப்பல் ஏறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் கரை. பதிவு அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரே நேரம் சனிக்கிழமை காலை பதினொன்றரை. பன்னிரண்டு அடித்தால் அலுவலகம் மூடிவிடும்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் எரிபொருள் லாரியும் தேர்ந்தெடுத்தது. உலைக்கு வரும் முதல் லாரி. பிற்பகல் இரண்டு மணிவரைதான் அது ரோட்டில் ஓடலாம், அதற்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். திங்கட்கிழமை தடை கேட்கும் வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. எரிபொருள் உள்ளே போய்விட்டால் வழக்கு அங்கேயே செத்துவிடும்.

"நீங்க உட்கார வேண்டாம். குழாயை மட்டும் செஞ்சு குடுங்க போதும்" என்றது குழு. குழாயம்மா பன்னிரண்டு குழாய்கள் செய்தார், கூடவே ஒரு உதிரி. கேட்டுக்கு முன்னால் வரிசையாக உட்காருகிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கையை விட்டுக்கொள்ளும் குழாய்கள் அவை. இரும்பு, அதன் மேல் கான்கிரீட், கந்தல், தார், மறுபடி இரும்பு. தூக்கினால் உள்ளேயிருக்கும் கைகள் முறியும். அதனால் போலீஸ் உட்கார்ந்து வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டவோ ஒரு குழாய்க்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் கட்டிய பட்டை நடுவிலிருக்கும் கொண்டியில் "டக்" என்று மாட்டிக்கொள்ளும். கழற்ற நினைத்தால் விரலருகே இருக்கும் நாக்கை அழுத்தினால் போதும்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திறக்க முடியாத எதையும் செய்யமாட்டார். யாருக்காவது உள்ளே நெஞ்சு வலித்தால்? விரல் மரத்துப்போனால்? அதனால் ஒவ்வொரு குழாயிலும் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் மேலே ஒரு மெல்லிய தகட்டைத் தவிர வேறு இரும்பே வைக்கவில்லை. அங்கே வெட்டினால் இரண்டு நிமிஷம். அந்த இடத்துக்கு அடையாளமாக ஊசிமுனையளவுக்கு ஆணியால் தட்டிய ஒரு புள்ளி. பதின்மூன்று குழாய்களிலும் அந்தப் புள்ளியைத் தட்டியவள் மகள். அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அம்மா" என்றாள் மகள், கடைசிப் புள்ளியைத் தட்டிவிட்டு. "உன்கிட்ட இதுவரைக்கும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. இந்த ஒரு நாள் மட்டும் நீ என்கூட இரு."

"இருப்பேன் கண்ணு. சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். காலைல கேட்டுல குழாய் மாட்டிக் குடுக்க அத்தையோட கார்ல போ, அத்தையோட கார்லயே வா."

அத்தை என்றால் மாப்பிள்ளையின் அம்மா. தபால் நிலையத்தில் முப்பத்திமூன்று வருஷம் கடிதம் பிரிக்கும் பகுதிக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். தபால் வண்டி அவரைப் பார்த்துத்தான் நேரத்துக்குக் கிளம்பும் என்பார்கள். கைக்கடிகாரத்தைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று வீட்டிலேயே ஒரு பேச்சு. உலையைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் கிடையாது, அதற்கெல்லாம் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதோடு சரி. அவருடைய ஒரே கருத்து, ஒன்பது மணிக்குச் சம்பந்தியம்மாவை வீட்டில் இறக்கிவிட வேண்டும் என்பதுதான்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே கேட்டடியில் வேலை மும்முரமாக நடந்தது. சம்பந்தியம்மா கல்யாண உடுப்பில், கைப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு, நெஞ்சோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினோரு குழாய்களை மாட்டியாயிற்று. பன்னிரண்டாவது வேனில் வரும்போதே நசுங்கியிருந்தது. "உதிரி எதுக்கு இருக்கு?" என்று குழாயம்மா பதின்மூன்றாவதை உருட்டிவரச் சொன்னார். அதில் உட்கார வேண்டிய ரொட்டிக்கடைத் தம்பதி, உட்கார்ந்தால் எழ முடியாதே என்று கடைசியாக ஒருமுறை கழிப்பறைக்குப் போயிருந்தார்கள்.

"சம்பந்தி, ஒரே நிமிஷம். இந்தப் பட்டையைக் கையில போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் விடுங்க. புடிக்குதான்னு பார்த்துடலாம்."

"எட்டு பத்து ஆச்சு."

"பார்த்ததும் கிளம்பிடலாம்."

சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்து, உடுப்பு படாமல் முழங்கையைத் தூக்கி இடக்கையை விட்டார். டக். இந்தப் பக்கம் குழாயம்மா வலக்கையை விட்டார். டக்.

"பிரமாதம். இப்ப நாக்கை அழுத்துங்க."

"எந்த நாக்கை?"

"விரல்கிட்டயே இருக்கும் பாருங்க."

"ஒண்ணும் இல்லையே."

குழாயம்மாவும் தடவிப் பார்த்தார். அவர் பக்கமும் இல்லை. இன்னொரு முறை தடவினார். வாயிலிருந்து வாஷர் நழுவி மடியில் விழுந்தது.

பதின்மூன்றாவது குழாயைச் செய்த அன்று மகளுக்குக் கல்யாண உடுப்பு தைத்து வந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் பட்டறை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் குழாயம்மா கொண்டிகள் இரண்டையும் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி, நாக்கு விரலுக்கு எட்டாதபடி வைத்து மூடிவிட்டார். ஒருவழி வால்வைத் தலைகீழாகப் போடுகிற கதைதான். இதே தப்பைச் செய்த புது ஆட்களை அவர் எத்தனை பேரை விரட்டியிருப்பார்!

"சம்பந்தி" என்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு. "கோபப்படக்கூடாது."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் குலுங்கக் குலுங்கக் குழாய் ஆடியது, குழாய் ஆட ஆடச் சம்பந்தியம்மாவும் ஆடினார்.

"சிரிக்காதீங்க! மணி என்ன ஆச்சு?" என்று சீறிய சம்பந்தியம்மா, வழக்கம்போல் இடக்கையைத் தூக்கிப் பார்க்கப் போனார். கடிகாரம் குழாய்க்குள் இருந்தது. அந்தக் கணத்தில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்திமூன்று வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு மணி தெரியாமல் போய்விட்டது.

ரொட்டிக்கடைத் தம்பதி வந்து பார்த்தால் தங்கள் இடத்தில் மணமக்களின் அம்மாக்கள் இருவரும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வளைவில் லாரியின் முகப்பு தெரிந்தது, முன்னும் பின்னும் போலீஸ் வண்டிகள். இனிமேல் பேசிப் பயனில்லை என்று தம்பதி ஓரமாக நின்றுகொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் பழைய ஆள். குழாயம்மாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்னைக்கு உங்க பொண்ணுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேனேம்மா. வரமாட்டீங்கன்னு நம்பி என் முதுகுவலிப் பெல்ட்டைக்கூட வீட்டுல வச்சிட்டு வந்தேன்."

வெட்டும் இயந்திரங்கள் இரண்டு வந்தன. வரிசையின் இரண்டு முனைகளிலிருந்தும் ஆரம்பித்தார்கள். கான்கிரீட்டில் தூள் பறந்தது, தாரில் பல் சிக்கியது, கந்தல் சுற்றிக்கொண்டு இயந்திரம் முனகி முனகி நின்றது. சம்பந்தியம்மா அதைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் வசைமழை பொழிந்தார். குழுவில் இல்லாதவர் என்பதால் மூன்றாவது விதி அவருக்குப் பொருந்தாது. பொறுக்க முடியாமல் குழாயம்மா குனிந்து காதில் சொன்னார்:

"வழி இருக்கு சம்பந்தி. அடியில, உங்க முட்டிக்குப் பக்கத்துல தடவிப் பாருங்க. ஒரு புள்ளி தெரியுதா?"

"தெரியுது."

"அங்க வெட்டினா ரெண்டே நிமிஷம்."

"அப்ப சொல்லித் தொலையுங்களேன்!"

"சொன்னா மத்த பதினொண்ணுலயும் அதே இடந்தான். அரைமணியில எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டு லாரி உள்ள போயிடும்."

அப்போதுதான் உலையின் மக்கள் தொடர்பு அதிகாரி துண்டுப் பிரசுரங்களோடு வரிசையில் குனிந்து குனிந்து வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத இளைஞர். சம்பந்தியம்மாவின் முன்னால் மண்டியிட்டு, காது கேட்காதவரிடம் பேசுகிற சத்தத்தில், "பாட்டி, பயப்படாதீங்க. உங்களைச் சும்மா ஏமாத்தி உட்கார வச்சிருக்காங்க" என்றார்.

பாட்டி! சம்பந்தியம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதுதான். தலையை அலங்கரிக்க அன்று காலை ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

"தம்பி" என்றார் மிக அமைதியாக. கடிதம் பிரிக்கும் பகுதியில் அந்தக் குரலைக் கேட்டால் எல்லோரும் சீட்டை விட்டு எழுந்துவிடுவார்கள். "இந்த லாரி உள்ள போகுது. எரிஞ்சு முடிஞ்ச பிறகு மிச்சம் ஏதாவது உண்டா?"

"கழிவு கொஞ்சம் இருக்கும் பாட்டி. பத்திரமா வச்சிருப்போம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது வந்து... பல ஆயிரம் வருஷம்."

"எங்க?"

"இப்போதைக்கு இங்கயே. அப்புறம் வேற இடத்துக்கு அனுப்புவோம்."

"எந்த இடத்துக்கு?"

"அது இன்னும் முடிவாகல."

"போய்ச் சேர்ற விலாசம் இல்லாத பார்சலை" என்றார் சம்பந்தியம்மா, ஒவ்வொரு சொல்லாக முத்திரை குத்தி, "நாங்க ஜன்னல்லயே வாங்கமாட்டோம். நீங்க வாங்குறீங்க. நல்லா இருக்கு தம்பி, நல்லா இருக்கு. எழுந்து போங்க."

வரிசையே கைதட்டியிருக்கும், ஆனால் ஆளுக்கு ஒரு கைதான் வெளியே இருந்தது. எல்லோரும் தொடையில் தட்டிக்கொண்டார்கள். குழாயம்மா மடியில் கிடந்த வாஷரைத் துடைத்துச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினார். அவர் அதை அருவருப்போடு பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

பத்தரைக்கு ஒரு டாக்ஸி வந்து நின்றது. மகள் கல்யாண உடுப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள், பின்னால் மாப்பிள்ளை. இரண்டு அம்மாக்களும் ஒரே குழாயில் இருந்ததைப் பார்த்ததும் மாப்பிள்ளை மூக்கின் மேல் விரல் வைத்தார். மகள் குழாயின் முன்னால் வந்து நின்றாள். சிறு வயதில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மரத்தின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று குழாயம்மாவுக்கு இப்போது நேரில் தெரிந்தது. சிரிப்பெல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று.

"வேணும்னு செய்யல கண்ணு. கொண்டியைத் திருப்பிப் போட்டுட்டேன்."

"தெரியும்மா. ரொட்டிக்கடை அம்மா போன் பண்ணிச் சொன்னாங்க."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்காம்மா. வழி வைக்காம நீங்க எதையும் செய்யமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வெட்டணும்னு காட்டுங்க. அஞ்சு நிமிஷத்துல எடுத்து, என் ஜீப்புலயே கொண்டுபோய் விடறேன். கேஸும் வேண்டாம்."

நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. வழி தெரிந்தால் அடுத்த குழாய்க்கும் அதைப் பயன்படுத்துவார் என்பதையும் அவர் மறைக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். குழாயம்மா வரிசையைப் பார்த்தார். இருபத்திரண்டு பேர். அவர் மகளுக்குச் சத்தியம் செய்தது அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட "காட்டாதீங்க" என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பத்தொன்பது வருஷம் ஒரு பக்கம். ஒரு பிறந்தநாள், ஒரு அம்மை, ஒரு நாடகம் மறு பக்கம். மறுக்க அவரால் முடியவில்லை.

"காட்டிடறேன் சார்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. பிறகு மகளிடம், "நீயே காட்டு கண்ணு. நீ தட்டின புள்ளிதானே."

மகள் அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். கல்யாண உடுப்போடு தூசியில் மண்டியிட்டாள். அம்மாவின் பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்து, அம்மா சொல்லிக்கொடுத்தபடியே காதைச் சாய்த்துக் குழாயின் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டொக், டொக், டொக். வெட்டுகிறவர் இயந்திரத்தோடு பின்னாலேயே வந்தார். புள்ளி இருக்கும் இடம் வந்தது. ஸ்பேனர் அதைத் தட்டியது. தட்டிவிட்டு நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போயிற்று.

இரண்டு இரும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் மூட்டில் வந்து நின்றாள். பதின்மூன்று குழாய்களிலும் அதைவிடத் தடித்த இடம் கிடையாது.

"இங்க சார்" என்றாள். "இங்கதான் மெலிசு."

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். மூட்டைத் தடவினார். சந்தேகத்தோடு சம்பந்தியம்மாவைத் திரும்பிப் பார்த்தார், இந்த அம்மாள் ஒருத்திதான் இவர்கள் கூட்டத்துக்கு வெளியாள். சம்பந்தியம்மாவின் கட்டைவிரல் அந்நேரம் சரியாகப் புள்ளியின் மேல் இருந்தது. மகனுக்குத் திங்கட்கிழமை கப்பல். ஒரு சொல் போதும்.

"என்னையா பார்க்கறீங்க?" என்று வெடித்தார் அவர். "அங்கதான்! முப்பத்திமூணு வருஷம் அரசாங்க வேலை பார்த்தவ சொல்றேன், அங்கயேதான் வெட்டணும்!"

இயந்திரம் கிளம்பியது. அது கிளம்புவதற்கு முன், மகள் ஸ்பேனரால் குழாயை மூன்று முறை தட்டினாள். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே குழாயம்மாவின் முழங்கை எலும்புக்கு வந்துவிட்டது. எல்லாம் சரி, ஒழுகல் இல்லை. அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து எது முதலில் போவது என்று தொண்டையில் இடித்துக்கொண்டன.

"போடீ" என்றார். "பதினொண்ணு ஆகப்போகுது. ஓடு!"

"அத்தை, சாட்சிக் கையெழுத்து நீங்க ரெண்டு பேரும்தானே போடறதா இருந்தது?" என்றார் மாப்பிள்ளை குழாயம்மாவிடம், தவித்துப்போய். ரொட்டிக்கடைத் தம்பதி ஒரே குரலில் "நாங்க சும்மாதானே நிக்கறோம்!" என்றார்கள். நான்கு பேரும் டாக்ஸியில் அடைந்துகொண்டார்கள். கதவிடுக்கில் கல்யாண உடுப்பின் ஓரம் மாட்டிக்கொண்டு வெளியே படபடத்தது.

லாரிக்குப் பின்னால் நின்ற வண்டிகளால் ரோடு அடைத்துக் கிடந்தது. டாக்ஸி வளைவுவரை போய் அசையாமல் நின்றது. அது நிற்பதை இரண்டு அம்மாக்களும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். "மணி என்ன?" "மணி என்ன?" என்று சம்பந்தியம்மா வருகிற போகிற போலீஸ்காரர்களையெல்லாம் கேட்டார். பதினொன்று இருபதுக்கு ஒரு பேருந்து குறுக்கே வந்து மறைத்தது. பேருந்து போனபோது டாக்ஸியைக் காணோம். போய்ச் சேர்ந்ததா, எங்கேயாவது மாட்டிக்கொண்டதா, கேட்க வழியில்லை. இருவர் போனும் காரில், கைப்பைக்குள்; கைதாகும் நாளில் வரிசையில் யாரும் போன் கொண்டுவருவதில்லை.

மூட்டில் இயந்திரத்தின் இரண்டு பல் உடைந்தது. ஒரு மணி வாக்கில் இன்ஸ்பெக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சம்பந்தியம்மாவை ஒரு பார்வை பார்த்தார், "அரசாங்க வேலை" என்று முணுமுணுத்தார், பிறகு நிழலைத் தேடிப் போய் முதுகை நீட்டிக்கொண்டார். இரண்டு மணிக்கு லாரி பின்னோக்கி நகர்ந்தது. அந்தக் குறுகிய ரோட்டில் அது திரும்ப இருபது நிமிஷம் பிடித்தது. வரிசை மொத்தமும் லாரி ஓட்டுநருக்கு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், பார்த்து, பார்த்து" என்று வழி சொல்லி அனுப்பிவைத்தது. அவரும் கையசைத்துவிட்டுப் போனார்.

கடைசிக் குழாயை வெட்டும்போது நாலு பத்து. நாலு பத்து என்று சொன்னது சம்பந்தியம்மா. கை வெளியே வந்ததும் அவர் பார்த்த முதல் பொருள் கடிகாரம்தான்.

பெண்கள் லாக்கப்பில் ஒரு பெஞ்சு, ஒரு கைகழுவும் தொட்டி, சொட்டுகிற ஒரு குழாய். குழாயம்மா உள்ளே நுழைந்ததும் வாயிலிருந்த வாஷரை எடுத்து அதில் போட்டுத் திருகினார். சொட்டு நின்றது. அறை அமைதியானது. அந்த அமைதியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள்.

"போயிருப்பாங்க இல்ல சம்பந்தி?"

"அந்த டாக்ஸிக்காரன் மூஞ்சியே எனக்குப் பிடிக்கல" என்றார் சம்பந்தியம்மா. சற்றுக் கழித்து, "பொண்ணு கெட்டிக்காரி" என்றார். நடக்காமல் போயிருந்தால் இனி ஒன்பது மாதம். அந்தப் பெண் தானாக விட்டுக்கொடுத்த ஒன்பது மாதம்.

அப்போது சுவரோரக் குழாயில் சத்தம் வந்தது. முன்னறையிலிருந்து வரும் குழாய் அது.

டொக். டொக். டொக்.

குழாயம்மா துள்ளி எழுந்து குழாயைக் கட்டிக்கொண்டார். "முடிஞ்சிடுச்சு! சம்பந்தி, முடிஞ்சிடுச்சு! எல்லாம் சரின்னு சொல்றா!" என்று சொல்லிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

"சும்மா எல்லாம் சரின்னா? எத்தனை மணிக்குன்னு கேளுங்க."

"அதுக்குத் தட்டு கிடையாது சம்பந்தி."

"நகருங்க."

சம்பந்தியம்மா மோதிரத்தைக் கழற்றி, குழாயில் தட்ட ஆரம்பித்தார். பதினொரு தட்டு. நிறுத்தினார். பிறகு முப்பது தட்டு, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தட்டிவிட்டுக் காதைக் குழாயில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது லேசாகக் கேட்டது. பிறகு பதிலுக்குப் பதினொரு தட்டு வந்தது. ஓர் இடைவெளி. பிறகு வரத் தொடங்கின. பத்து. இருபது. சம்பந்தியம்மா உதட்டை அசைத்து எண்ணினார். முப்பது. குழாயம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாற்பது. ஐம்பது. ஐம்பத்தைந்து. தட்டுகிறவளுக்குக் கை வலித்திருக்க வேண்டும், கடைசித் தட்டுகள் மெதுவாக வந்தன. பிறகு நின்றுவிட்டது.

"ஐம்பத்தெட்டு" என்றார் சம்பந்தியம்மா. மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "ரெண்டு நிமிஷம் மிச்சம்."